மந்திரி பட்டியல் எங்கே போகிறது, எங்கே வராமல் போகிறது

எங்கள் ஊர் திருவாண்டார்கோயில். விழுப்புரம் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஊர். பழைய பெயர் வடுகூர், சம்பந்தர் பாடிய தலம். சாலையோர டீக்கடையில் எந்த ஆட்சி வந்தாலும் முதல் ஒரு மாசத்துக்கு ஒரே கேள்விதான் ஓடும்: "லிஸ்ட் வந்துச்சா?" மந்திரி லிஸ்ட். 2021-ல் இந்தக் கேள்வி ஐம்பது நாள் தாண்டி ஓடியது. ஏன் அவ்வளவு நாள் என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். தமிழ்நாட்டில் முதல்வர் பட்டியல் கொடுத்தால் ஆளுநர் நியமிக்கிறார். புதுச்சேரியில் அப்படி இல்லை. 1963-ஆம் வருட யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி முதல்வரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். மற்ற அமைச்சர்களையும், முதல்வரின் ஆலோசனைப்படி, அவர்தான் நியமிக்கிறார். அதாவது நம்ம ஊர் பொதுப்பணித்துறை மந்திரி யார் என்ற காகிதம் டெல்லி போய்த்தான் திரும்பி வரும். அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 30 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு மேல் மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது. இந்த மூன்று என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

புதுச்சேரியின் முதல் மந்திரிசபையே விசித்திரமாகத்தான் பிறந்தது. 1963 ஜூலை 1-ல் சட்டசபை வந்தது. அதற்காகத் தனியாகத் தேர்தல் நடக்கவில்லை. 1959-ல் பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்வான 39 பேர் அப்படியே சட்டமன்ற உறுப்பினர்களாகக் கருதப்பட்டார்கள். எதுவார் குபேர் முதல்வரானார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், 1954-ல் இணைப்பின் பக்கம் திரும்பியவர். பெரிய மார்க்கெட்டுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1964 செப்டம்பர் 11-ல் அவர் இடத்துக்கு வந்தவர் வெங்கடசுப்பா ரெட்டியார், நம்ம கிராமப்புறத்து மடுகரைக்காரர். அதற்குப் பிறகு நாற்காலி நிலையாக நின்ற காலம் குறைவு. 1974 மார்ச்சில் ராமசாமியின் ஆட்சி மூன்று வாரம்கூட முழுசாக நிலைக்கவில்லை என்று டீக்கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6-ஆம் தேதியிலிருந்து 28 வரை, மூன்று வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலாகவே இருந்திருக்கிறது!

2001-லும் ஒரு கதை. ப. சண்முகம் சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே முதல்வராக இருந்தார். ஆறு மாதத்துக்குள் தேர்வாக வேண்டும் என்பது விதி. முடியவில்லை, விலகினார். அக்டோபர் 27-ல் அந்த இடத்துக்கு முதல்முறையாக வந்தவர் ந. ரங்கசாமி.

இப்போது 2021-க்கு வருவோம். அந்த வருட ஜனவரி, பிப்ரவரியில் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஆறு பேர் பதவி விலகினார்கள். நமச்சிவாயம், தீப்பாய்ந்தான், மல்லாடி கிருஷ்ணா ராவ், ஜான்குமார், லட்சுமிநாராயணன், வெங்கடேசன். பிப்ரவரி 22 நம்பிக்கை வாக்கெடுப்பின் அன்று நாராயணசாமி அரசின் பக்கம் 12 பேர். எதிர்ப்பக்கம் 14 பேர். அந்தப் பதினாலில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11 பேர்தான். மிச்சம் மூன்று பேர் நியமன உறுப்பினர்கள். மேலே சொன்ன அதே மூன்று.

இந்த மூன்று நியமனங்கள் செல்லாது என்று வழக்குப் போட்டவர்களில் ஒருவர் அப்போது காங்கிரஸில் இருந்த லட்சுமிநாராயணன். 2018 டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது, மாநில அரசைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றது. தீர்ப்பில் அவர் பெயரே வழக்கின் பெயராக நிற்கிறது. அரசியல் சட்ட மாணவர்கள் இன்னும் படிக்கிறார்கள். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் விலகியவர்களிலும் அவர் ஒருவர்.

மே 2-ல் தேர்தல் முடிவு. என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6, திமுக 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6. மே 7-ல் ரங்கசாமி மட்டும் தனியாகப் பதவியேற்றார். இரண்டு நாளில் அவருக்குக் கொரோனா, சென்னை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவர் அங்கே இருக்கும்போதே டெல்லியிலிருந்து மூன்று நியமன உறுப்பினர்கள் அறிவிக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் வெங்கடேசன். பேரம் நீண்டது, ஜூன் 16-ல்தான் சபாநாயகர் வந்தார். ஜூன் 27-ல் ஐந்து மந்திரிகள் பதவியேற்றார்கள். முதல்வர் பதவியேற்று 51 நாள். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வாரங்களில் ஒரே ஒரு மந்திரிதான் இருந்தார், அவர் முதல்வர்.

அந்த ஐவரில் நமச்சிவாயமும் லட்சுமிநாராயணனும் இருந்தார்கள். 2025 ஜூலை 14-ல் ஜான்குமாரும் மந்திரியானார். அதே நாளில் பதவியேற்ற மூன்று புதிய நியமன உறுப்பினர்களில் தீப்பாய்ந்தான் ஒருவர். கூட்டிப் பார்த்தால், 2021 தொடக்கத்தில் விலகிய ஆறு பேரில் மூன்று பேர் மந்திரி, இரண்டு பேர் நியமன உறுப்பினர். யார் எதற்காக என்ன செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தேதிகளை வரிசையாக எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

வந்தவர்களைப் பார்த்தாச்சு, போனவர்களையும் பார்க்கணும். 2021 பட்டியலில் இருந்த சந்திர பிரியங்கா, 1980-83-ல் இருந்த ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு வந்த ஒரே பெண் மந்திரி. நெடுங்காடு தனித்தொகுதிக்காரர். 2023 அக்டோபரில், சாதியும் பாலினமும் தன்னைத் தாக்குவதாகக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அந்த இடம் அஞ்சு மாசம் காலியாகக் கிடந்து 2024 மார்ச்சில் நிரம்பியது. இன்னொருவர் ஊசுடு தனித்தொகுதியின் சாய் சரவணன்குமார், 2025 ஜூன் 27-ல் விலகினார். பதவியேற்றுச் சரியாக நாலு வருஷம். புதுச்சேரியில் தனித்தொகுதிகள் ஐந்து: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு. நெடுங்காடு தவிர மற்ற நாலும் எங்கள் பக்கத்துக் கிராமப்புறம். ஜூலை 14-க்குப் பிறகு இந்த ஐந்திலிருந்தும் மந்திரிசபையில் ஒருவரும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் தேடும்போது என்னை அதிகம் உறுத்தியது மந்திரி நாற்காலி இல்லை, அதற்குக் கீழே உள்ளவை.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் பக்கம் கீழூரில் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அந்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும், கொம்யூன்களில் மக்கள் தேர்ந்தெடுத்த முனிசிபல் கவுன்சிலர்களும். அதாவது புதுச்சேரி இந்தியாவில் சேர்ந்ததற்குக் கை தூக்கியவர்களில் நம்ம கொம்யூன் கவுன்சிலர்களும் உண்டு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. இந்தியாவின் கான்சல் ஜெனரலாக இங்கே இருந்த கேவல் சிங் தலைமை ஆணையரானார்.

அந்தக் கவுன்சிலர் பதவிகள் என்ன ஆயின? 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருஷம். 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில். எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூனும் அதில் ஒன்று. பக்கத்து திருபுவனைக் கோயில் சுவரில் சோழர் காலத்துச் சபையின் முடிவுகள் கல்வெட்டாக நிற்கின்றன. இன்றைக்கு அதே ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்க, ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு உறுப்பினர் கிடையாது. எம்எல்ஏவைத்தான் தேடிப் போகணும். எம்எல்ஏவோ லிஸ்டில் தன் பெயர் இருக்கா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "தம்பி, மந்திரி ஆறு பேருக்கு அம்பத்தோரு நாள் ஆச்சுன்னு எழுதுற. பஞ்சாயத்துக்குப் பதினாலு வருஷம் ஆச்சே, அதுக்கு யாரு லிஸ்ட் கேட்டா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை, நானும்தான். அதனால்தான் இதை எழுதிவைத்தேன்.