மிருகக்காட்சி சாலை எலெக்ட்ரீஷியன்

மாவோ 1976 செப்டெம்பரில் இறந்தார். ஒரே மாதத்தில் அவருடைய மனைவி ஜியாங் சிங் உள்ளிட்ட நால்வர் கும்பல் உள்ளே போனது. இப்போது நாற்காலியில் இருப்பவர் ஹுவா குவோஃபெங், மாவோவே கைகாட்டிய வாரிசு. மாவோ எடுத்த முடிவு எதையும் மாற்றக் கூடாது, அவர் சொன்ன எதையும் மீறக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கொள்கை என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். கலாசாரப் புரட்சிக் காலத்தில் இரண்டு முறை தூக்கியெறியப்பட்டு மறுபடியும் எழுந்து வந்திருந்த டெங் ஷியாவோபிங்குக்கு அந்த நாற்காலியை அசைத்தாக வேண்டும். கட்சிக்குள் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சுவரும் அவருக்கு உதவிக்கு வந்தது.

பெய்ஜிங்கில் ஷிடான் என்ற சந்திப்பு. பக்கத்தில் பஸ் டிப்போவை ஒட்டி நீண்டு போகும் ஒரு சாம்பல் நிறச் செங்கல் சுவர். 1978 நவம்பரில் அதில் பெரிய எழுத்துச் சுவரொட்டிகள் முளைக்க ஆரம்பித்தன. கலாசாரப் புரட்சியில் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்களின் மனுக்கள், கவிதைகள், மாவோவே தப்பு செய்தார் என்று சொல்லும் கட்டுரைகள். குளிரில் ஆயிரக்கணக்கானோர் நின்று படித்தார்கள், நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலான சுவரொட்டிகள் டெங்குக்கு ஜே போட்டன. டெங்கும் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளரிடம் அந்தச் சுவர் நல்ல விஷயம்தான் என்று சொல்லிவிட, சேதி அன்றிரவே ஷிடானுக்கு வந்து சேர்ந்தது. அந்த உற்சாகத்தில் அதற்கு ஜனநாயகச் சுவர் என்று பேரும் ஆயிற்று.

டிசம்பர் 5 அதிகாலையில் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டி மட்டும் யாருக்கும் ஜே போடவில்லை. விவசாயம், தொழில், ராணுவம், அறிவியல் தொழில்நுட்பம் என்று நான்கு துறைகளை நவீனமாக்குவதுதான் அப்போது அரசாங்கத்தின் முழக்கம். அந்த நான்கும் போதாது, ஐந்தாவதாக ஒன்று வேண்டும், அதற்குப் பேர் ஜனநாயகம், அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வெறும் பொய் என்றது அந்தச் சுவரொட்டி. மக்களைக் காப்பாற்ற ஒரு நல்ல தலைவர் வருவார் என்று காத்திருப்பதே அடிமைப் புத்தி என்றும் சொன்னது. மற்றவர்கள் கட்சிக்குள் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, கேள்வியே அது இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எழுதியவர் பேராசிரியர் இல்லை, மாணவரும் இல்லை. பெய்ஜிங் மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன். பெயர் வெய் ஜிங்ஷெங், வயது 28.

அப்பா, அம்மா இருவருமே கட்சி அதிகாரிகள். வீட்டில் மாவோவின் எழுத்தைப் பாடம் படித்து வளர்ந்த பிள்ளை. 1966-ல் பதினாறு வயதில் செங்காவலர் படையில் சேர்ந்தார். புரட்சியைப் பரப்புவதற்காகச் செங்காவலர்கள் நாடு முழுக்க ரயிலில் இலவசமாகப் போகலாம் என்றிருந்த காலம். வெய் வடமேற்கே போனார். கான்சு மாகாணத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, முகமெல்லாம் கரி அப்பிய ஒரு இளம்பெண் பிளாட்பாரத்தில் பிச்சை கேட்டாள். தின்பண்டம் கொடுக்க ஜன்னலுக்கு வெளியே குனிந்தவர் சட்டென்று பின்வாங்கினார். அவள் உடம்பில் துணியே இல்லை. சேறும் சாம்பலும் தலைமுடியும்தான் மறைப்பு. பதினேழாண்டு சோஷலிசத்துக்குப் பிறகு இது எப்படி என்ற கேள்வி அந்த ஸ்டேஷனில்தான் பிறந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். பிறகு அன்ஹுவே மாகாணத்தில் அப்பாவின் சொந்தக் கிராமத்துக்குப் போய்த் தங்கியபோது பதில் கிடைத்தது. மாவோவின் பெரும் பாய்ச்சல் கொண்டுவந்த பஞ்சத்தில் ஊர்களே காலியாகிப்போன கதைகளை, பசியில் மனிதர்கள் செய்யக் கூடாததையெல்லாம் செய்த கதைகளை விவசாயிகளின் வாயாலேயே கேட்டார். அப்புறம் சில ஆண்டு ராணுவம். அதற்கும் அப்புறம்தான் எலெக்ட்ரீஷியன் வேலை.

இன்னொரு முடிச்சும் உண்டு. அவர் காதலித்தது ஒரு திபெத்தியப் பெண்ணை. அவளுடைய தந்தை புன்ட்சோக் வாங்கியால் திபெத்தின் முதல் கம்யூனிஸ்டுகளில் ஒருவர். மாவோவுக்கும் தலாய் லாமாவுக்கும் நடுவே மொழிபெயர்த்தவர். அப்படிப்பட்டவரையே கட்சி 18 ஆண்டு சின்செங் சிறையில் வைத்திருந்தது. அந்தக் குடும்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்பதால், சின்செங்கை இருபதாம் நூற்றாண்டின் பாஸ்டில் என்று வெய் எழுதியதில் ஆச்சரியமில்லை. திபெத்தைப் பற்றிப் பிற்காலத்தில் சிறைக்குள் இருந்தே டெங்குக்கு நீண்ட கடிதம் எழுதியதிலும் ஆச்சரியமில்லை. ஹான் சீன அதிருப்தியாளர்களில் திபெத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் அன்று ரொம்பக் குறைவு.

சுவரொட்டி வந்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 18 முதல் 22 வரை மத்தியக் கமிட்டி கூடியது. ஹுவா பெயருக்குத் தலைவராக இருக்க, அதிகாரம் டெங்கின் கைக்கு வந்தது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. சுவரின் வேலை முடிந்துவிட்டது. ஆனால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. வெய்யும் நண்பர்களும் ‘தேடல்’ என்ற பத்திரிகையை சைக்ளோஸ்டைல் செய்து சுவருக்கு முன்னால் நின்று விற்றார்கள்.

1979 பிப்ரவரியில் டெங் அமெரிக்கப் பயணத்தை முடித்துத் திரும்பினார். அதே மாதம் 17-ம் தேதி சீனப் படை வியட்நாமுக்குள் நுழைந்தது. ஒரு மாதத்தில் நிறைய உயிர்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது. ஊரில் முணுமுணுப்பு கிளம்ப, அடக்குமுறை வரப்போகிறது என்று எல்லோரும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பலர் பேனாவை மூடினார்கள். வெய் மார்ச் 25 அன்று ‘தேடல்’ சிறப்பிதழ் போட்டு, டெங் ஒரு புதிய சர்வாதிகாரியாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று பெயர் சொல்லியே எழுதினார். நான்கு நாளில், மார்ச் 29 அன்று, கைது. மறுநாள் டெங் மேடையேறி, சோஷலிசப் பாதை, பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம், கட்சித் தலைமை, மார்க்சிய மாவோவியச் சிந்தனை ஆகிய நான்கையும் யாரும் தொடக் கூடாது என்று அறிவித்தார். சீனா இன்றுவரை அந்த நான்கின் மேல்தான் நிற்கிறது.

அக்டோபர் 16 அன்று ஒரே நாளில் விசாரணை. மொட்டையடித்த தலையோடு நின்ற வெய் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். வியட்நாம் போர் பற்றிய ராணுவ ரகசியத்தை வெளிநாட்டு நிருபருக்குக் கொடுத்தது ஒரு குற்றச்சாட்டு. எதிர்ப்புரட்சிப் பிரசாரம் இன்னொன்று. ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்ததை நானும் பேசினேன், மிருகக்காட்சி சாலைத் தொழிலாளிக்கு ராணுவ ரகசியம் எங்கிருந்து கிடைக்கும் என்ற ரீதியில் போனது அவருடைய வாதம். ஆட்சியை விமரிசிக்கும் உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்றும் எடுத்துக்காட்டினார். தீர்ப்பு: 15 ஆண்டு. ஒலிப்பதிவு எப்படியோ வெளியே கசிந்தது. அதை எழுத்தாக்கி சுவருக்கு முன்னால் விற்றபோது போலீஸ் பாய்ந்தது. அதற்குப் பொறுப்பேற்கப் போன நண்பர் லியு சிங் பத்தாண்டு உள்ளே இருக்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் சுவரையும் மூடிவிட்டார்கள்.

மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடி, தனிமைச் சிறை, பிறகு சிங்ஹாய் பீடபூமியின் உழைப்பு முகாம், 1989-ல் இருந்து தாங்ஷானுக்கு அருகே நான்பு உப்பளம். பற்கள் பெரும்பாலும் கொட்டின, இதயம் பழுதாயிற்று. முயல் வளர்த்தார். டெங்குக்கும் மற்ற தலைவர்களுக்கும் கடிதம் எழுதித் தள்ளினார். அந்தக் கடிதங்களில் கெஞ்சல் கிடையாது. ஒரு பொறுப்பில்லாத மேலதிகாரியைத் திருத்தும் தொனிதான் அவற்றில் இருக்கும். தியானன்மென் படுகொலை நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், நிராயுதபாணிகளைச் சுட்டதைக் கேலி செய்தே டெங்குக்கு எழுதினார் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். பெரும்பாலான கடிதங்கள் சிறை அதிகாரியின் மேஜையைத் தாண்டவில்லை.

1986 டிசம்பர் கடைசியில் மாணவர் போராட்டம் பற்றிப் பேசும்போது டெங் கணக்குப் பார்த்தார். வெய்யைப் பிடித்து உள்ளே போட்டோமே, அதனால் சீனாவின் பேர் கெட்டதா என்று சகாக்களிடம் கேட்டார். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதைக்கு அவர் சொன்னது சரி. வெய் உள்ளே இருப்பதால் பெய்ஜிங்குக்குச் செலவு எதுவும் இல்லை. 1989 ஜனவரியில் வானியற்பியலாளர் ஃபாங் லிஜி, வெய்யை விடுதலை செய்யச் சொல்லி டெங்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் 33 அறிவுஜீவிகள் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் ஜூனில், தியானன்மெனில், அது எங்கே போய் முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் வெய்க்கு ஒரு விலை ஏற்பட்டது.

முதல் வியாபாரம் ஒலிம்பிக். 2000-ம் ஆண்டு போட்டிகளைப் பெய்ஜிங்கில் நடத்த சீனா துடித்துக்கொண்டிருந்தது. ஒலிம்பிக் கமிட்டியின் ஓட்டெடுப்பு 1993 செப்டெம்பர் 23. வெய்யை விடுதலை செய்தது செப்டெம்பர் 14. பதினான்கரை ஆண்டு கழித்து, தண்டனை முடிய ஆறே மாதம் இருக்கும்போது பெருந்தன்மை. என் கடிதங்களைத் திருப்பித் தராவிட்டால் வெளியே போக மாட்டேன் என்று சிறை வாசலில் அடம்பிடித்த ஒரே கைதி வெய்யாகத்தான் இருப்பார். ஓட்டெடுப்பில் சிட்னிக்கு 45, பெய்ஜிங்குக்கு 43.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார், அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் திரட்டினார். 1994 பிப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் மனித உரிமைத் துறை அதிகாரி ஜான் ஷாட்டக்கைச் சந்தித்தார். ஏப்ரல் 1 அன்று மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். சீனாவின் வணிகச் சலுகையை மனித உரிமையோடு முடிச்சுப் போட்டிருந்த கிளின்டன், மே மாதம் அந்த முடிச்சைத் தானே அவிழ்த்தார். வாஷிங்டன் கையை விட்ட பிறகு பெய்ஜிங் எதற்கு அவசரப்பட வேண்டும்? குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைத்து வைத்துவிட்டு, 1995 டிசம்பர் 13 அன்று இன்னொரு 14 ஆண்டு கொடுத்தது நீதிமன்றம். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்றார்கள். ஓவியக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டது, ஒரு வங்கியின் பங்குகளை வாங்க யோசித்தது எல்லாம் அந்தச் சதியின் அத்தாட்சிகள்! அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் சகாரோவ் பரிசை அவருக்குக் கொடுத்தது.

இரண்டாம் வியாபாரம் 1997. அதிபர் ஜியாங் ஜெமின் அக்டோபர் கடைசியில் அமெரிக்கா போய், மரியாதையெல்லாம் பெற்றுக்கொண்டு திரும்பினார். நவம்பர் 16 அன்று வெய்யைச் சிறையிலிருந்து விமானத்தில் ஏற்றினார்கள். மருத்துவப் பரோல் என்று பெயர். டெட்ராய்ட்டில் இறங்கிய 47 வயது மனிதர் நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு. ஊர் திரும்பினால் மிச்ச தண்டனை காத்திருக்கிறது. 1998 மார்ச்சில், சீனாவுக்கு எதிராக ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் அந்த ஆண்டு தீர்மானம் கொண்டுவரப்போவதில்லை என்றது அமெரிக்கா. ஏப்ரலில் தியானன்மென் மாணவர் தலைவர் வாங் தானும் அதே பரோலில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஜூனில் கிளின்டன் பெய்ஜிங் போனார். வரவு செலவு நேராகிவிட்டது.

சீனத் தலைமை இந்த முறை ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டது என்பது என் எண்ணம். உப்பளத்தில் இருந்த வெய் ஒரு சின்னம். வாஷிங்டனில் இருந்த வெய் பேட்டி கொடுக்கும் பல பேரில் ஒருவர். 1997 டிசம்பரில் கிளின்டன் அவரை வெள்ளை மாளிகையில் சந்தித்தார், சிறைக் கடிதங்கள் ஆங்கிலத்தில் ஏற்கெனவே புத்தகமாகியிருந்தன, வெய் தன் பெயரில் அறக்கட்டளையும் தொடங்கினார். 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வணிகச் சலுகை கொடுக்கும் மசோதாவை எதிர்த்து அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் வாதாடினார். மசோதா நிறைவேறியது. வணிகம் வளர்ந்தால் ஜனநாயகம் தானாக வரும் என்று அன்று வாஷிங்டன் மேதைகள் சொன்னதை நம்பாத சிலரில் அவர் ஒருவர். அவர் பக்கம்தான் சரி என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அன்று கேட்க ஆள் இல்லை.

அவருடைய குணமும் ஒரு காரணம். பதினெட்டு ஆண்டு சிறையில் ஒருவரை உயிரோடு வைத்திருந்த அதே பிடிவாதம், நாடு கடந்த குழுக்களின் கூட்டங்களில் சமரசத்துக்கு உதவாது. 2010-ல் லியு ஷியாவோபோவுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் ரொம்ப மிதவாதி, அவரைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று வெய் சொன்னது பல பேரை முகம் சுளிக்க வைத்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. சிறையில் இருக்கும் ஒருவரைப் பற்றி, அதே சிறைகளை அறிந்தவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த லியு ஷியாவோபோவுக்கு 2017-ல் கல்லீரல் புற்றுநோய் முற்றியது. சிகிச்சைக்கு வெளிநாடு அனுப்புங்கள் என்று ஜெர்மனியும் அமெரிக்காவும் கேட்டன. சீனா மறுத்துவிட்டது. ஜூலை 13 அன்று ஷென்யாங் ஆஸ்பத்திரியில் காவலிலேயே இறந்தார். 1997-ல் பெய்ஜிங்குக்கு அமெரிக்கச் சந்தை வேண்டும், உலக வணிக அமைப்பில் இடம் வேண்டும், ஒலிம்பிக் வேண்டும். இருபது ஆண்டில் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. கைதியைக் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் மிச்சமில்லை. டெங் 1986-ல் கேட்ட கேள்விக்கு, அவர் விரும்பிய பதிலோடு சீனா மறுபடியும் வந்து நிற்கிறது.

வெய்க்காக டெங்குக்குக் கடிதம் எழுதிய ஃபாங் லிஜி என்ன ஆனார்? டாங்கிகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்த மறுநாள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் மனைவியோடு போனவர் ஓராண்டுக்கு மேல் வெளியே வரவில்லை. அது தனிக் கதை.