பால்மரமும் தச்சுக்கலையும்: கெடா தோட்டப்புறம் மறந்த ஒரு வரலாறு

கெடா மாநிலத்தின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் அமைந்த ஊர் செர்டாங். அதனைச் சூழ்ந்தும், வடக்கே கூலிம், சுங்கை பட்டாணி வரையிலும் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் பாலின் விலையையும் பால்வெட்டியவரின் துயரையும் பேசியிருக்கிறோம். பால் வற்றிய பின் அந்த மரம் என்னவாயிற்று என்பதை அரிதாகவே கேட்டிருக்கிறோம். அந்த வினாவுக்கான விடையில் நம் முன்னோரின் கைத்திறன் ஒன்று மறைந்திருக்கிறது.

மரவேலை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையதை அகக்காழ் என்றும், வெளியே வயிரம் உடையதை புறக்காழ் என்றும் பிரித்து, முன்னதை மரமெனவும் பின்னதைப் புல்லெனவும் வகுத்தது. மரத்தின் பெருமை அதன் வயிரத்தில் உள்ளது என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது. தேக்கு என்னும் சொல் தென்னிந்திய மொழிகளிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குச் சென்றது. மலாய்மொழியில் இன்றும் வழங்கும் 'காத்தில்', 'பெத்தி' ஆகியவை நம் கட்டிலும் பெட்டியுமே. இலங்கையில் டச்சுக்காரர் காலத்தில் கருங்காலி, முதிரை, பலா ஆகிய மரங்களால் செய்யப்பட்ட பெருமரப் பேழைகள் சிங்களத்திலும் பெட்டகம் என்னும் பெயரின் திரிபாலேயே அழைக்கப்படுகின்றன. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கால் ஆனவை.

இத்தகைய மரபுடையோர் பால்மரத்தை மதிக்காததில் வியப்பில்லை. அது பிரேசில் நாட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டே கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1909-இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தபின் இங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளரும் பெருகினர்.

ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் மரம் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படும். வெட்டிய மரத்துக்கு நெடுங்காலம் தீயே கதியாயிற்று. தோட்டத்துப் புகைக்கூடங்களில் இரப்பர்த் தகடுகளை உலர்த்தவும், செங்கற்சூளைகளை எரிக்கவும் அது விறகாயிற்று. 1960-களின் பிற்பகுதியில் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, தன் ஊதுலைக்குப் பால்மரக் கரியையே பயன்படுத்தியது. எஞ்சியவை வெட்டிய இடத்திலேயே கொளுத்தப்பட்டன.

தச்சர் இதனை ஒதுக்கியமைக்குத் தக்க காரணம் உண்டு. பால்மரத்தில் வேறுபட்டுத் தெரியும் வயிரம் இல்லை. மரம் முழுதும் மாவுச்சத்து நிறைந்திருப்பதால், வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூசணம் படர்ந்து நிறம் கெடும். வண்டு துளைத்து மாவாக்கும். ஆனால் பலத்தில் அது தாழ்ந்ததன்று. உலர்ந்த நிலையில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ளது. வெளிர்மஞ்சள் நிறமும், இழைப்புளிக்கு இணங்கும் தன்மையும் உடையது.

மரத்தின் குறையை அறிவியல் நீக்கியது. அறுத்த பலகைகளைக் காலந்தாழ்த்தாமல் அழுத்தக்கலனில் இட்டு, முதலில் காற்றை உறிஞ்சி, பின்னர் போரான் சேர்மக் கரைசலை உட்செலுத்தி, அதன்பின் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றது. கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்தின் ஆய்வுகள் இதற்குத் துணைநின்றன. பால்மரத்தின் அடிமரம் குட்டையானது. நீண்ட பலகை கிடைப்பதரிது. ஆகவே சிறு துண்டுகளின் முனைகளைக் கோத்த விரல்களைப்போல் செதுக்கிப் பசையிட்டு இணைத்து நீண்ட பலகையாக்கினர். 1980-களில் இம்மரத் தளவாடங்கள் உலகச் சந்தையை அடைந்தன. 'மலேசிய ஓக்' என்ற வணிகப் பெயரும் பெற்றன. ஜொகூரின் மூவார் இத்தொழிலின் தலைமை நகராயிற்று. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இன்று பால்மரத்தால் ஆனது.

இவ்வெற்றிக் கதையில் தோட்டத்தமிழர் இடம்பெறுவதில்லை. எனினும் அவர்க்கு அதில் உரிய பங்கு உண்டு. பால்வெட்டும் நுட்பத்தை எண்ணிப் பார்ப்போம். பால்நாளங்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கு மயிரிழை உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் உள்ளது. உளி ஆழம் குறைந்தால் பால் குறையும்; ஆழம் மிகுந்தால் அப்படலம் காயப்பட்டு, அவ்விடத்தில் முண்டும் முடிச்சும் தோன்றும். ஒருமுறை சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. விடியுமுன் இருளில், நெற்றியில் கட்டிய விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் சீவினர் நம் பெண்களும் ஆண்களும். தளவாடத்துக்கு மிகவும் பயன்படும் பகுதியும் அவர்கள் சீவிய அதே அடிமரந்தான். ஆகவே, பழுதற்ற ஒவ்வொரு பலகையிலும் கால்நூற்றாண்டுக் காலம் மரத்தைக் காயப்படுத்தாத ஒரு கையின் உழைப்பு இருக்கிறது. தச்சரின் உளி தொடுவதற்கு முன்னரே பால்வெட்டியவரின் உளி அம்மரத்தைக் காத்தது. இரண்டு கருவிக்கும் தோட்டத்தார் ஒரே பெயரை வழங்கியது பொருத்தமே.

அத்திறனைக் 'கூலிவேலை' என்று பதிந்தன ஏடுகள். நாமும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டோம். பின்னர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் வெளியேறினர். மரம் தொழிற்சாலைக்குச் சென்றது. அதனை வளர்த்த கை அங்கே செல்லவில்லை. தச்சுப்பயிற்சியும் சிறு முதலும் அன்று அவர்க்குக் கிட்டியிருப்பின், மறுநடவில் வீழ்ந்த மரங்களே ஒரு தலைமுறைக்குத் தொழிலாகியிருக்கக்கூடும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கே செய்யத்தக்க பணி உண்டு. இழைப்புளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, துரப்பணம், மூலைமட்டம் ஆகிய தச்சுச் சொற்களும், ஒட்டுப்பால், பால்வாளி, நிரை ஆகிய தோட்டச் சொற்களும் ஒரே கைத்தொழில் அறிவின் இரு கிளைகள். அவற்றை வழங்கிய முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பழைய கட்டில், மரப்பெட்டி எவையேனும் வீட்டில் இருப்பின், அது எம்மரம், எவ்வாறு இணைக்கப்பட்டது, எவர் செய்தார் என்று கேட்டுக் குறித்துவைப்பது பள்ளி மாணவர்க்கும் இயலும். கழித்த மரத்தைக் கலைப்பொருளாக்கும் கல்வியைத் தமிழ்ப்பள்ளிகளின் கைவினை வகுப்புகளிலேயே தொடங்கலாம். அதற்கு வேண்டிய மரம் நம்மைச் சுற்றியே இருக்கிறது.