'கூறப்படுகிறது'

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது எனக்கு அதிகத் தொல்லை தந்த சொல் எதுவென்று கேட்டால் 'அலெஜ்ட்லி' என்ற வினையடையையே சொல்வேன். ஒருவர் செய்ததாகச் சொல்லப்பட்டு, இன்னும் நிரூபிக்கப்படாத செயலோடு ஆங்கிலப் பத்திரிகைகள் இதனைச் சேர்த்து எழுதும். அவதூறு வழக்குக்கு அஞ்சிச் சேர்ப்பதும் உண்டு. (இச்சொல் இருந்தாலே வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்பது எம்மவரிடையே நிலவும் ஒரு மூடநம்பிக்கை.)

இதன் மூலவினை பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில், சான்றுகாட்டி உறுதிபடக் கூறுவதைக் குறித்தது. ஒரு தரப்பு உறுதியாகக் கூறுவது மறுதரப்புக்கு வெறும் கூற்றுத்தானே! பொருள் அவ்வழியே தேய்ந்து இன்று ஐயத்தைச் சுட்டுகிறது. வினையடை வடிவம் 19ஆம் நூற்றாண்டுக்குரியது.

தமிழில் நாம் கண்ட வழி 'எனக் கூறப்படுகிறது' என்பது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில வினையடையை உரிய இடத்தில் வைத்தால் அது அந்த வினையோடு நின்றுவிடும். அங்கும் இடந்தவறி வைப்போர் உளர். தமிழிலோ அது வாக்கியத்தின் இறுதியில் வந்து, முன்னுள்ள அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

கிளிவெட்டிக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று 24 தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பெண்கள் 13 பேர். 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் 9 பேர். "இராணுவத்தினரால் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்று எழுதினால், இதில் எது கூற்று? சுட்டவர் யார் என்பதா, 24 பேர் இறந்ததுமா? சுட்டவரைப் பற்றி நீதிமன்றம் ஐயுறலாம். இறப்பில் ஐயம் ஏது? ஆயினும் இத்தகைய வாக்கியங்களை நானும் எழுதியிருக்கிறேன். தவறென்று உணரச் சில ஆண்டுகள் சென்றன. பின்னர் பிரித்தெழுதப் பழகினேன்: "24 பேர் கொல்லப்பட்டனர். இராணுவத்தினரே சுட்டதாக உயிர்தப்பியோர் கூறுகின்றனர்." கூறுபவர் யார் என்பதும் இதில் வந்துவிடுகிறது. 'கூறப்படுகிறது' என்னும்போது, கண்ணால் கண்டு சாட்சி சொன்னவர்களும் காணாமற் போய்விடுகிறார்கள்.

வழக்கு இருபது ஆண்டுகள் நீண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் கோப்ரல்கள் அறுவரையும் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் 2016 ஜூலை 27 அன்று, ஜூரிகளின் தீர்ப்பின்படி விடுதலை செய்தது. அந்த அறுவரின் பெயரோடு இனி அவ்வினையடையையும் சேர்க்க முடியாது. எஞ்சியிருப்பது "24 பேர் கொல்லப்பட்டனர்" என்ற செயப்பாட்டு வாக்கியம் மட்டுமே. பெப்ரவரியில் நினைவுச் செய்தி எழுதும் இளம் உதவி ஆசிரியர் எவரேனும் பழக்கதோஷத்தால் அதன் இறுதியில் 'கூறப்படுகிறது' என்று சேர்த்திருந்தால், பக்கம் அச்சுக்குப் போகுமுன் அதை வெட்டிவிடுங்கள்.