கடையைச் சாத்தாமல் கணக்கை நகலெடுத்த கதை

ஒரு காலத்தில் வங்கி மூடியபிறகும் கணினி அறையில் விளக்கு எரியும். வரவு செலவெல்லாம் நின்றபின்தான் தகவல்களைக் காந்த நாடாவில் பேக்கப் எடுப்பார்கள். அது முடியும்வரை கணினி யாருக்கும் கிடைக்காது.

வேலை நடக்கும்போதே எடுத்தால் என்ன? ராமன் கணக்கு நகலானபின் அவன் சீதாவுக்கு 500 ரூபாய் மாற்றுகிறான். சீதாவின் கணக்கு அதற்கப்புறம் நகலாகிறது. நாடாவில் அந்த 500 இரண்டு பேரிடமும் இருக்கும்! இருப்பாய்வு எப்படிச் சமமாகும்?

ஏடிஎம்கள் பரவியதும் இரவும் வேலை நேரமாகிவிட்டது. நாடாவின் வேகத்தைக் கூட்டினார்கள். தகவலும் கூடிக்கொண்டே போனது.

1988-இல் வந்த ஆரக்கிள் 6 வேறு வழி காட்டியது. தரவுத்தளத்தை மூடாமலே நகலெடுக்கலாம். நகல் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மாற்றமும் 'ரீடோ லாக்' என்ற தனிப் பதிவில் ஏறிவிடும், மீட்கும்போது அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைத் திருத்துவது வணிகவியல் மாணவர்களுக்குப் புதிதா என்ன!

1990-களில் நெட்ஆப் நிறுவனம், பழைய தகவலின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதியது. அதனால் அந்த நொடியின் 'ஸ்னாப்ஷாட்' உடனே கிடைத்தது. (வட்டே போனால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு, அது வேறு விஷயம்.) அதிலிருந்து நாடாவுக்கு மாற்றுவது மணிக்கணக்கில் நடக்கட்டும், வாடிக்கையாளருக்குத் தெரியப்போவதில்லை. விண்டோஸ் சர்வர் 2003-இன் ஷேடோ காப்பி வசதியோ, வட்டில் எழுதுவதைப் 10 வினாடிக்குமேல் நிறுத்தி வைக்க விடுவதில்லை.