கைகோவாத வட்டம்

மழலையர் பள்ளியின் அடையாளம் யாது என்று என்னைக் கேட்டால், அது கரும்பலகையும் அன்று, பாடநூலும் அன்று. கைகோத்து நிற்கும் குழந்தைகளின் வட்டமே என்பேன். ஜெர்மன் நாட்டு அறிஞர் பிரெடரிக் புரோபெல் 1837ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் கண்டார். 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரைச் சூட்டினார். கம்பளி நூல் பந்துகளும், மரக்கட்டைகளும், வட்டமாய்ச் சுற்றி ஆடும் ஆட்டங்களுமே அங்குப் பாடங்கள். தொட்டும் கூடியும் கற்பதே குழந்தையின் இயல்பு என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவ்வியல்புக்கே நோய் தடையாக வந்தால் ஆசிரியர் என் செய்வார்? 'தொடாதே, நெருங்காதே' என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லிவிட்டு, அதன் முகம் வாடாமலும் காத்தல் இயலுமா? வரலாறு இவ்வினாவைப் பலமுறை எழுப்பியிருக்கிறது.

காசநோய் ஒரு கிருமியால் வருவது என்று இராபர்ட் காக் 1882இல் நிறுவினார். நெரிசலான அறையும் அடைபட்ட காற்றும் நோய்க்குத் துணைபோகும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1904இல் பெர்லினை அடுத்த சார்லோட்டன்பர்க்கில், உடல் நலிந்த மாணவர்க்காகப் பைன் மரக் காட்டில் ஒரு பள்ளி திறக்கப்பெற்றது. 1908இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் எல்லன் ஸ்டோன், மேரி பாக்கார்டு என்னும் இரு பெண் மருத்துவர்களின் முயற்சியால், பழைய செங்கல் கட்டடம் ஒன்று திறந்தவெளி வகுப்பாயிற்று. கடுங்குளிரிலும் சன்னல்கள் திறந்தே கிடந்தன. பிள்ளைகள் கம்பளிப் பைக்குள் கால் நுழைத்து, பாதத்தருகே சூடாக்கிய மாக்கல் வைத்துப் பாடம் படித்தனர். இவை மழலையர்க்கென்றே அமைந்தவை அல்ல. எனினும் ஒரு நெறியை இவை கற்பித்தன: நோய்க்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் அடைப்பதினும் வகுப்பறையின் சுவரைத் திறப்பது மேல்.

இன்னொரு வழியை மரியா மாண்டிசோரி அம்மையார் காட்டினார். 1907இல் உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், ஒவ்வொரு குழந்தையும் சிறு பாயொன்றை விரித்து, அதன்மேல் தன் வேலையைச் செய்யும். பிறர் அப்பாயை மிதியாது சுற்றிச் செல்வர். 1939இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தமையால் இம்முறை நமக்கும் அறிமுகமானது. பாய் வந்தது நோய்க்காக அன்று, ஒருமித்த கவனத்திற்காக. ஆயினும் தனக்கென ஓரிடம் உண்டு என்பது குழந்தைக்குத் தண்டனை ஆகாது, பெருமையே ஆகும் என்பதை அது மெய்ப்பித்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொரோனா உலகப் பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டது. அப்போது இவ்வினா மீண்டும் எழுந்தது. இரு நாடுகளின் காட்சிகளை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு மே மாதம் பிரான்சின் துர்குவான் நகரில், மழலையர் பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் வரைந்த சதுரங்களுக்குள் குழந்தைகள் தனித்தனியே அமர்ந்திருந்த ஒளிப்படம் உலகோர் நெஞ்சை உருக்கியது. ஆசிரியர்கள்மீது குறை கூறல் தகாது. விதியைக் காத்தே பள்ளியைத் திறக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கோ அதற்கு முன்னரே, ஏப்ரல் 15ஆம் நாள், இளஞ்சிறார் நிலையங்களைத் திறக்கத் தொடங்கியது. ஒவ்வொரு குழந்தையையும் தனிமைப்படுத்தாமல் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கும் குழுவுக்கும் இடையே விலகலை வைத்தனர். பெரும்பொழுதை வெளியில் கழித்தனர். 1950களிலிருந்தே காட்டு மழலையர் பள்ளிகளைக் கண்ட நாடாதலின், மரநிழல் அவர்களுக்குப் புதிய வகுப்பறை அன்று.

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பில் செய்யத்தக்கவை என்று எனக்குத் தோன்றுவன சிலவற்றைச் சொல்கிறேன். இருகைகளையும் பறவையின் சிறகுபோல் விரித்து, 'சிறகு சிறகைத் தொடாமல் பறப்போம்' என்றால், இடைவெளி என்பது கட்டளையாகாமல் ஆட்டமாகிவிடும். தரையில் வட்டம் வரைந்தால் அதைச் சிறையாக்காமல் தீவாக்கலாம். தீவுக்குத் தீவு கைதட்டலால் செய்தி அனுப்பலாம். ஒருவர் அசைவை எதிரில் நிற்பவர் கண்ணாடிபோல் திருப்பிச் செய்யலாம். வெயிலில் நின்று நிழலோடு நிழல் கைகுலுக்கலாம். மூடிய அறையில் உரக்கப் பாடினால் மூச்சுத்துளிகள் மிகுதியாகப் பரவும். ஆதலால் பாட்டைத் திறந்தவெளிக்கு வைத்துக்கொண்டு, உள்ளே தாளம் மட்டும் போடலாம். வண்ணக்கோலும் களிமண்ணும் ஆளுக்கொரு பெட்டியில் இருத்தல் வேண்டும். வரைந்த படங்களை மட்டும் ஒரே சுவரில் சேர்த்து ஒட்டிப் பெரிய ஓவியமாக்கலாம். இவை அனைத்திலும் உடல் விலகி நிற்கிறது. கண்ணும் செவியும் கருத்தும் ஒன்றுகூடுகின்றன.

இவற்றை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குதல் கூடாது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டு மழலையர் பள்ளிகள் மீண்டும் திறந்தது 2022 பிப்ரவரியில்தான். ஏறத்தாழ இரண்டாண்டுகள்! நான்கு வயதில் தோட்டத்திற்கு வரவேண்டிய குழந்தை, தோட்டத்தைக் காணாமலே ஆறு வயதை எட்டியது. எழுத்தைப் பின்னர்க் கற்பித்துவிடலாம். தன் முறைக்குக் காத்திருத்தல், பிறன் அழுகையை உணர்தல், தோற்றுச் சிரித்தல் ஆகியவற்றைக் கற்பதற்குத் தோழர்கள் வேண்டும்; தனியறையில் அவற்றை யார் கற்பிப்பார்?

நாளை ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் விளங்கப்போகும் மாணவர்களே! நோய் இன்னும் எத்தனை வடிவில் வந்தாலும், விலகலின் அளவை மருத்துவர் சொல்லட்டும். அவ்விடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்று முடிவு செய்பவர் ஆசிரியரே. கை கோவாத வட்டமும் வட்டமே. அதனுள் எந்தக் குழந்தையும் தனியாக இல்லை என்பதை உறுதிசெய்வது நம் கடமை.