உசேன் சாகர் உணர்த்தும் பாடம்

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில் ஹப்சிகுடா என்றோர் இடம் உண்டு. நிஜாமின் படையில் பணிபுரிந்த அபிசீனிய வீரர்களை ‘ஹப்சி’ என்று அழைத்தனர்; அவர்களாலேயே இப்பெயர் வந்தது என்பர். இங்கு வசிக்கும் என் போன்றோர் விடுமுறை நாளின் மாலையில் குழந்தைகளுடன் சென்று வருவது உசேன் சாகர் ஏரிக்கு. கோல்கொண்டாவை ஆண்ட இப்ராகிம் குலி குதுப் ஷாவின் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், குடிநீருக்காக வெட்டப்பட்ட ஏரி அது. இன்று அதில் விசைப்படகுகள் நுரை கிளப்பிக்கொண்டு விரைகின்றன. ஏரியின் நடுவே புத்தர் பெருமான் அமைதியாக நிற்கிறார். அந்த அமைதிக்குப் பின்னே ஒரு துயர வரலாறு இருக்கிறது.

கணபதி ஸ்தபதியின் தலைமையில் ஒரே கல்லில் வடிக்கப்பட்ட அச்சிலையின் எடை சில நூறு டன். 1990 மார்ச் 10-ஆம் நாள் அதனை ஒரு மிதவையில் ஏற்றி ஏரியின் நடுவிலுள்ள பாறைக்குக் கொண்டு சென்றனர். கரையை விட்டுச் சிறிது தூரம் செல்வதற்குள் மிதவை சரிந்தது. சிலை நீரில் மூழ்கியது. உடன் சென்ற தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீரடியில் கிடந்த சிலையை 1992 டிசம்பரில் பழுதின்றி மீட்டு, பாறைமேல் நிறுவினர். கல் மீண்டது, மாண்ட மனிதர் மீளவில்லை.

மிதக்கும் பொருள் எதற்கும் ஒரு நியதி உண்டு. பாரம் தாழ்வாகவும் நடுவிலும் அமைந்திருக்கும்வரை படகு சாய்ந்தாலும் நிமிரும். பாரம் உயர்ந்தாலோ ஒருபுறம் ஒதுங்கினாலோ, ஓர் எல்லைக்கு மேல் அது நிமிராது, கவிழும். பாரம் கல்லாயினும் மனிதராயினும் நியதி ஒன்றே. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளங்கள் கொண்ட உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். வனவிலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டனர் என்று அக்காலத்தில் கூறப்பட்டது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று நமது பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரிலும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு 22 உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஊர்தான் வேறு, பிழை ஒன்றே.

விசைப்படகு பிறந்தபோதே இன்னோர் அபாயமும் உடன் பிறந்தது. ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் 1886-இல் பெட்ரோல் யந்திரம் பூட்டிய படகை நெக்கர் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் வெடிக்கும் என்று ஜனங்கள் அஞ்சியதால், மின்சாரப் படகு போலத் தோன்றுமாறு அதில் கம்பிகளைச் சுற்றி வைத்தார் என்று சொல்வதுண்டு. அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகையால் எண்ணெய் நிரப்பியதும் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் தந்து, வாடை இல்லை என்று அறிந்த பின்னரே யந்திரத்தை இயக்க வேண்டும். நெருப்பணைக்கும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். 2025 குடியரசு தினத்தின் இரவில் இதே உசேன் சாகரில், வாணவேடிக்கைப் பொருள்கள் ஏற்றிய படகு தீப்பற்றி எரிந்தது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. சுற்றிலும் நீர் இருப்பது நெருப்புக்குக் காப்பாகாது.

நமது நாட்டில் உள்நாட்டு நீராவிக் கப்பல்களுக்கான சட்டம் 1917-இல் பிறந்தது. அதன் இடத்தில், பதிவு, பரிசோதனை, பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியவற்றை நாடெங்கும் ஒரே முறைக்குள் கொண்டுவரும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2021-இல் இயற்றியது. அரசாங்க வாசகங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ‘மிதவைச் சட்டை வைத்திருக்க வேண்டும்’ என்பதற்கும் ‘அணிந்திருக்க வேண்டும்’ என்பதற்கும் ஒரு சொல்தான் வேறுபாடு. 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூரு அருகே உல்லாசப் படகு மூழ்கி ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தப்பியோருள் பலர் மிதவைச் சட்டை அணிந்திருந்தவர்கள் என்று செய்திகள் கூறின. அந்த ஒரு சொல்லின் எடையை அன்று உணர்ந்தேன்.

படகு ஓட்டுவோர் சில விதிகளை மனத்தில் இருத்த வேண்டும். புறப்படுமுன் வானிலையையும் எரிபொருளையும் பார்த்து, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்க. யந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைத் தம் உடலோடு பிணைத்துக்கொள்க. ஓட்டுநர் தவறி விழுந்தால் யந்திரம் தானே நிற்கும். எதிரெதிரே வரும் இரு விசைப்படகுகளும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருவது வலப்பக்கத்துப் படகாயின் அதற்கு வழிவிடுக. மது அருந்தியவர் சுக்கானைத் தொடலாகாது.

எவரேனும் நீரில் விழுந்தால், உரக்கக் குரல் கொடுத்து, ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே சுட்டிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிதவையை எறிந்துவிட்டு, மெல்ல அணுகி, யந்திரத்தை முற்றிலும் நிறுத்திய பின்னரே தூக்க வேண்டும். நீருக்கடியில் சுழலும் விசிறி கத்தியினும் கொடியது. படகு கவிழ்ந்தால் அதனைப் பற்றிக்கொண்டு மிதப்பதே நலம். அருகில் தோன்றும் கரை நீந்துவோருக்கு நெடுந்தூரம்; தனித்த தலையைக் காட்டிலும் கவிழ்ந்த படகு மீட்போர் கண்ணுக்கு எளிதில் தென்படும்.

சென்ற முறை ஏரிக்குச் சென்றபோது, புழுக்கமாக இருக்கிறது என்று என் மகள் மிதவைச் சட்டையைக் கழற்ற முனைந்தாள். புத்தர் சிலையைக் காட்டி, அது நீரடியில் கிடந்த கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டாள். நேயர்களே, வரலாறு படிப்பதன் பயன் இதுவே: பிறர் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் செவி கொடுத்துக் கற்றுக்கொள்வோமாக.