பாரீஸில் ஒரு கைலி

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வலை பிரிக்கிறவரிடம் போய், ‘அண்ணே, நீங்க பெரிய கலகக்காரர்’ என்று சொல்லிப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்.

பாரீஸில் ழான் பால் கோத்தியே அப்படித்தான் பெயர் வாங்கினார். 1952இல் பிறந்தவர். முறையாக எங்கும் தையல் படித்ததில்லை. வரைந்த படங்களை அனுப்பியே, 1970இல், பதினெட்டாவது பிறந்தநாளன்று பியர் கார்டினிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1985க்கான ஆடை வரிசையில் ஆண்களுக்குப் பாவாடை கட்டி மேடையேற்றினார். ஐரோப்பா வாயைப் பிளந்தது. 1990இல் மடோனா மேடையில் அணிந்த கூம்பு மார்க்கச்சையும் இவர் கைவேலைதான். ஆண் உடை, பெண் உடை, உள்ளே, வெளியே... எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டு 2020இல் மேடைக்கு முழுக்குப் போட்டார்.

நம் கதை தலைகீழ். காலம்காலமாகக் கட்டுகிற வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை 2014இல் சென்னை கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. தடுக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது!

துணி தானாகக் கலகம் செய்வதில்லை. எந்த வாசலில் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

சார், இன்று ராத்திரி கைலியில் இருக்கும்போது காலிங் பெல் அடித்தால், பேன்ட்டைத் தேடாதீர்கள். அப்படியே போய்க் கதவைத் திறங்கள்.